சுருட்டை முடியும் சீயக்காயும்: ஒரு தென்னார்க்காட்டு வரலாறு

விழுப்புரத்தில் நாம் பணியாற்றும் கல்லூரியில் சிறுபாணாற்றுப்படையை நடத்துவதென்றால் நமக்குத் தனி உவகை. காரணம் எளிது. அப்பாட்டின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனது தலைநகரான கிடங்கில், இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியான கிடங்கல். அவன் ஆண்ட ஊரிலிருந்துதான் நாம் நாள்தோறும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பேருந்தில் வந்து பாடம் நடத்துகிறோம். 'பத்துப்பாட்டு எங்கோ மதுரையிலும் காவிரிக்கரையிலும் மட்டும் நிகழ்ந்ததன்று, உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலும் நிகழ்ந்தது' என்று மாணவரிடம் சொல்லும்போது, பின்வரிசையில் உறங்குபவர்கூட ஒருமுறை விழித்துப் பார்ப்பர்.

269 அடிகள் கொண்ட அப்பாட்டில், பாணனுடன் வழி நடக்கும் விறலியரைப் புலவர் நத்தத்தனார் தலைமுடியில் தொடங்கியே வருணிக்கிறார். மெல்லெனப் பெய்யும் மழைத்தாரையின் அழகைக் கொண்டதாய், எண்ணெய் ஊறி இருண்டதாய் அக்கூந்தல் காட்டப்படுகிறது. அதைக் கண்ட மயில்கள் தம் தோகையை விரித்து, நாணி, ஒன்றினுள் ஒன்று ஒளிந்துகொள்கின்றனவாம்.

இதனை விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாளில், திண்டிவனத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "மழைத்தாரைன்னா நேராத்தானேம்மா விழும்? அப்போ சுருட்டை முடி அழகில்லையாம்மா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவளுக்குச் சுருட்டை முடி. நமக்கும் சுருட்டை முடிதான். அதனால் நம்மால் சிரிக்க இயலவில்லை. அடுத்த வாரம் அவள் முடியைச் சூட்டுக்கருவியால் நீவி நேராக்கிக்கொண்டு வந்தாள். நுனிகள் வைக்கோல் போல் வெடித்திருந்தன. வகுப்பில் அவளுக்கு அரைகுறையாகச் சொன்ன விடையை முழுமையாகச் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் இலக்கியம். தமிழில் மகளிர் கூந்தலுக்கு ஓதி, கதுப்பு, கூழை, குழல், அளகம் எனப் பல பெயர்கள் உண்டு. 'ஐம்பால்' என்பதும் அவற்றுள் ஒன்று. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்பது அதன் பொருள். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று அவ்வைந்தையும் உரையாசிரியர் எண்ணுவர். சுருளுக்கு அங்கே ஓர் இடம் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதனினும் வலிய சான்று 'அறல்' என்னும் உவமை. சங்கப் புலவர் கூந்தலுக்கு மழையையும் முகிலையும் உவமை சொன்ன அளவுக்கு அறலையும் சொன்னார்கள். ஆற்றில் நீர் வடியும்போது கருமணலில் வரிவரியாக அலையலையாக ஒரு கோலம் படியுமே, அதுதான் அறல். கோடையில் தென்பெண்ணைக்கோ செஞ்சிப் பக்கம் சங்கராபரணிக்கோ சென்று மணலைப் பார்த்தவர்க்கு இதற்கு அகராதி வேண்டியதில்லை. அலையே இல்லாத முடிக்கு அறலை உவமை சொல்ல எவராலும் இயலாது. ஆகவே நெளியும் சுருளும் அழகின்மை என்னும் எண்ணம் நம் பழம்பாட்டுகளில் இல்லை. அது பின்னால் வந்தது. எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

அடுத்து, நத்தத்தனார் காட்டும் எண்ணெய்க்கு வருவோம். சங்கப் பாட்டில் வரும் 'நெய்' பாலின் நெய்யையும் குறிக்கும், வித்திலிருந்து ஆட்டியதையும் குறிக்கும். எள்ளிலிருந்து எடுத்த நெய் எள்நெய் ஆகி, எண்ணெய் ஆகி, பிற்காலத்தில் எல்லா வித்தின் நெய்க்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. நல்லியக்கோடனின் ஊருக்கும் எள்ளுக்கும் உள்ள உறவு இன்றும் அறுபடவில்லை. திண்டிவனத்தில் 1930களில் தொடங்கப்பட்ட எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எள், நிலக்கடலை இரகங்களே 'டி.எம்.வி.' என்ற எழுத்துகளுடன் இந்தியா முழுதும் அறியப்பட்டன. அந்த மூன்றெழுத்தும் திண்டிவனத்தின் சுருக்கமே. விதை வாங்கும் உழவர் பலர் அதை உணர்வதில்லை.

எண்ணெய் அழகுக்கு மட்டும் உரியதன்று. அது வாழ்நிலையின் அடையாளமுமாக இருந்தது. கோவலன் பிரிந்தபின் கண்ணகி கூந்தலுக்கு எண்ணெய் இடுவதை மறந்தாள் என்று இளங்கோவடிகள் சொல்கிறார். எண்ணெய் காணாத தலை துயருற்ற தலை. கணவனை இழந்த மகளிர்க்கு எண்ணெயும் பூவும் மறுக்கப்பட்ட நீண்ட கொடுமையும் இவ்வெண்ணத்தின் மறுபக்கம்தான். கூந்தல் வரலாற்றை எழுதுபவர் இதைத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது.

அதே சிலப்பதிகாரத்தில் மாதவியின் நீராட்டு கடலாடு காதையில் வருகிறது. பத்துவகைத் துவர், ஐந்துவகை விரை, 32 வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நீரில் அவள் தன் எண்ணெய்க் கூந்தலை ஆட்டுகிறாள். பின்னர் நறும்புகையில் உலர்த்தி, கத்தூரிச் சாந்து ஊட்டுகிறாள். துவர் என்பது துவர்ப்புச் சுவையுடைய மரப்பொருள்கள், விரை என்பது நறுமணப் பொருள்கள். எண்ணெய், துவர் நீர், புகை என்னும் வரிசையை மனத்தில் கொள்க. நம் வீடுகளில் நல்லெண்ணெய், சீயக்காய், சாம்பிராணி என்று எஞ்சியிருப்பது இந்த வரிசையே.

இது கணிகை மாளிகைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. நம் விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் 340 மாணவர் பயின்ற கல்லூரி ஒன்று இருந்ததை முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. அதே நூற்றாண்டில், பாலாற்றங்கரையில் காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள திருமுக்கூடலிலும் ஒரு கல்லூரியும் மாணவர் விடுதியும் மருத்துவமனையும் இருந்தன. வீரராசேந்திரன் காலத்து அக்கல்வெட்டு, மாணவர் சனிக்கிழமைகளில் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய் வழங்கும் ஏற்பாட்டையும் பொறித்து வைத்திருக்கிறது. உணவு, பாய், விளக்கெண்ணெய் ஆகியவற்றோடு தலைக்கு எண்ணெயும் ஒரு கல்விச் செலவாகக் கருதப்பட்டது. இன்றைய விடுதிக் காப்பாளர் எவரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, இவ்வழக்கம் சுருட்டை முடிக்கு ஏன் பொருந்துகிறது? இதற்குச் சிறிது அறிவியல் தேவை. மயிர்க்காலில் இயல்பாகவே ஓர் எண்ணெய்ப்பசை சுரக்கிறது. நேரான முடியில் அது வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கும். சுருட்டை முடியிலோ ஒவ்வொரு வளைவிலும் தடைபட்டு, நுனிக்குச் சென்று சேராது. அதனால்தான் சுருட்டை முடி பெரும்பாலும் வறண்ட முடியாகவும் இருக்கிறது. மேலும், ஒவ்வொரு மயிரிழையின் மேற்புறமும் கூரையில் நாட்டு ஓடு அடுக்கியதுபோல நுண்செதில்களால் மூடப்பட்டது. காரத்தன்மையுள்ள சோப்பு பட்டால் இழை உப்பி, அவ்வோடுகள் தூக்கிக்கொள்ளும். முடி சொரசொரக்கும், சிக்கும். மென்மையான புளிப்புத்தன்மை பட்டால் அவை படியும், முடி பளபளக்கும்.

சீயக்காய் புளிப்புத்தன்மையுடையது. மலைக்காடுகளில் படரும் முட்கொடி ஒன்றின் காய் அது. அதிலுள்ள சப்போனின் என்னும் பொருள் நீரில் சிறிதளவே நுரைத்து, எண்ணெயையும் அழுக்கையும் பிரித்தெடுக்கிறது. முற்றாகத் துடைத்துவிடுவதில்லை, கொஞ்சம் எண்ணெயை விட்டுவைக்கிறது. வறண்ட முடிக்கு வேண்டியதும் அதுதான். குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்ப்பதற்கும் காரணம் உண்டு. நீரில் ஊறி இழை உப்புவதை எண்ணெய் மட்டுப்படுத்துகிறது. தேங்காயெண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் மும்பையிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அது தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்திலிருந்தே வந்தது என்பதையும் வாசகர் சேர்த்தே எண்ணிக்கொள்ள வேண்டும்.

நம் ஆயாவுக்கு இந்த வேதியியல் தெரியாது. ஆயினும் அவர் சீயக்காய்த் தூளை வெந்நீரில் கலக்கமாட்டார், சோறு வடித்த கஞ்சியில்தான் கலப்பார். கூடவே செம்பருத்தி இலையைக் கசக்கி, அதன் வழுவழுப்பான சாற்றையும் சேர்ப்பார். "உன் மசுரு வறமசுரு, அதுக்குக் கஞ்சியில்லாம ஊத்தக்கூடாது" என்பார். தம்பிக்குக் கஞ்சி கிடையாது, அவனுக்கு நேர்முடி. ஒரே வீட்டில், ஒரே அம்மிக்கருகில், இரண்டு தலைக்கு இரண்டு பக்குவம். கஞ்சியின் மாவுப்பசையும் செம்பருத்தியின் கொழகொழப்பும் இழைமேல் மெல்லிய பூச்சாகப் படிந்து சிக்கைக் குறைக்கின்றன என்று இப்போது நாம் விளக்குகிறோம். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இனி ஷாம்பூவின் கதை. 'ஷாம்பூ' என்னும் சொல்லே இந்துஸ்தானியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அமுக்கு, பிடித்துவிடு என்னும் பொருள்தரும் சொல் அது. பாட்னாவில் 1759இல் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றி, அயர்லாந்து சென்று குடியேறிய தீன் முகமது என்பவர், பின்னர் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரை நகரில் நீராவிக் குளியலகம் நடத்தினார். மூலிகை நீராவியில் உடலைப் பிடித்துவிடும் அக்கலைக்கு 'ஷாம்பூயிங்' என்று பெயர். அதைப் பற்றி அவர் 1822இல் நூலும் வெளியிட்டார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய அரசர்களின் ஷாம்பூ மருத்துவர் என்னும் சிறப்பும் பெற்றார். பிடித்துவிடுவதைக் குறித்த சொல் மெல்ல மெல்லத் தலை கழுவுவதைக் குறித்து, 20ஆம் நூற்றாண்டில் கழுவும் பொருளுக்கே பெயராயிற்று. ஜெர்மனியில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப் 1903இல் ஷாம்பூத் தூள் விற்றார். அமெரிக்காவில் 1934இல் 'ட்ரீன்' என்ற பெயரில், சோப்பு அல்லாத செயற்கை அழுக்கு நீக்கியால் ஆன ஷாம்பூ வந்தது. கைகளால் தலையைப் பிடித்துவிடுவதைச் சொன்ன சொல் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போய், நுரையாகத் திரும்பி வந்தது.

அது நம் சிற்றூர்களுக்குள் நுழைந்த வாசல் எது தெரியுமா? நம்முடைய பழைய தென்னார்க்காடு மாவட்டம்தான். 1993 செப்டம்பர் 30 வரை விழுப்புரமும் திண்டிவனமும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காட்டில் இருந்தவை. அந்தக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பொருள்களைச் சிறு பொட்டலமாக அடைத்தால்தான் ஏழை எளியவரும் வாங்குவர் என்று கருதியவர். அவர் குடும்பத்தார் வெல்வெட் என்ற பெயரில் ஷாம்பூவைச் சிற்றுறையில் அடைத்து விற்றனர். அவர் மக்களுள் ஒருவரான சி.கே. ரங்கநாதன் தனியே பிரிந்து, 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். தந்தையின் பெயரின் முதலெழுத்துகளே சிக் ஆயின. 1998இல் அந்நிறுவனம் கெவின்கேர் என்று பெயர் மாறியது. 1999இல் சிக் ஓர் உறை 50 காசுக்கு விற்றது. பன்னாட்டு நிறுவனங்கள் புட்டிகளில் பார்த்த சந்தையைக் கடலூர்க்காரர்கள் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கவிட்டார்கள். இந்தியச் சந்தையின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். அதே நிறுவனம் மீரா என்ற பெயரில் சீயக்காய்த் தூளையும் உறையில் அடைத்து விற்றது என்பதைச் சொல்லாவிட்டால் கதை முழுமை பெறாது.

இவ்விடத்தில் பழமை பேசுவோர் ஷாம்பூவைத் திட்டத் தொடங்குவர். நாமும் அப்படித்தான் வகுப்பில் தொடங்கினோம். "அம்மா வீட்டுச் சீயக்காயை மறந்து நாம் நுரைக்கு மயங்கிவிட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அதே மாணவி மீண்டும் எழுந்தாள். "எங்க ஆயாவுக்குச் சீயக்காயெல்லாம் கிடையாதும்மா. அது பெரிய வீட்டுக்காரங்களுக்கு. எங்க ஆயா கழனி வேலைக்குப் போய் வரும்போது துரிஞ்சித் தழை பறிச்சாந்து தேய்ச்சிக்கும். எண்ணெய் தீவாளிக்கு மட்டுந்தான். எட்டணா ஷாம்பூ வந்தப்புறம்தான் எங்க அம்மா தலை மணத்துச்சாம்."

இந்த முறை வகுப்பு சிரிக்கவில்லை. நாம் கற்ற ஒரு பாடம் அது. எண்ணெய்க் குளியல் என்பதற்கு எண்ணெய் வேண்டும், விறகு வேண்டும், நிறைய நீர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அரைநாள் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு யாருக்கு இருந்தது? வாரந்தோறும் சீயக்காய் இடித்து, கஞ்சி வடித்து, அனைவர் தலையிலும் எண்ணெய் வைத்து, கடைசியாகத் தன் தலையை நனைத்துக்கொண்ட பெண்ணுக்கு இருந்ததா? மாதவியின் நீராட்டில் நீர் சுமந்த தோழியர் எவ்வாறு தலை கழுவினர் என்று காப்பியம் சொல்வதில்லை. 50 காசு உறை, எளியவரும் தலை நிமிர்ந்து, மணத்தோடு பள்ளிக்குச் செல்லும் ஒரு வழியைத் திறந்தது. அதை மறுப்பது நன்றன்று.

அவள் சொன்ன துரிஞ்சியும் சிறிது சொல்லத் தகுந்தது. உசில், உசிலை என்றும் வழங்கும் மரம் அது. கொங்கு நாட்டில் அதன் இலைத்தூளை அரப்பு என்பர். நம் கடற்கரைப் பகுதிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களுள் ஒன்று. விழுப்புரம் மாவட்டத்து வானூர்ப் பகுதியில் 1968 முதல் ஆரோவில்லில் மீட்டு வளர்க்கப்பட்ட காடு அவ்வகையைச் சேர்ந்ததே. சீயக்காய் கடையில் வாங்க வேண்டியது, துரிஞ்சி வேலியோரத்தில் பறிப்பது. ஏழையின் தலைக்கும் இம்மண் ஒரு பொருளை வைத்திருந்தது. அதை எந்தக் கல்வெட்டும் பொறித்து வைக்கவில்லை. ஓர் ஆயாவின் நினைவே அதன் ஆவணம்.

ஆயினும் உறையோடு இன்னொன்றும் வந்தது. அதுதான் நாம் முன்னர் விட்டுவைத்த கேள்விக்கு விடை. விளம்பரத்தில் அசைந்த கூந்தல் எப்போதும் நேராக, வழுவழுப்பாக, ஒரே வீச்சில் திரும்பியது. வெள்ளித்திரையிலும் சின்னத்திரையிலும் அந்த ஒரு கூந்தலே அழகாயிற்று. அறலை உவமை சொன்ன மொழியில், 'பரட்டை' என்பது வசையாக நிலைத்தது. வன்மையான ஷாம்பூ வறண்ட முடியின் எஞ்சிய எண்ணெயையும் துடைத்தெடுத்தது. முடி மேலும் சிலிர்த்தது. அதை அடக்க வேறொரு உறை, பின்னர் சூட்டுக்கருவி. குறை முடியில் இல்லை என்று சொல்ல எவரும் இல்லை. மேலை நாடுகளிலும் சுருட்டை முடியுடைய பெண்கள் இதே துன்பத்தை அடைந்து, 2000களின் தொடக்கம் முதல் வன்மையான ஷாம்பூவைத் துறக்கும் ஓர் இயக்கமாகத் திரண்டார்கள். அவர்கள் புதிதாய்க் கண்ட நெறியில் பாதி, கஞ்சி ஊற்றிய நம் ஆயாவின் நெறிதான்.

ஆகவே அம்மாணவிக்கு நாம் சொன்னதை இங்கும் சொல்கிறோம். வாரம் ஒருமுறை போதும். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இளஞ்சூட்டில் நுனிவரை தடவி ஒரு மணிநேரம் ஊறவிடுக. சீயக்காய்த் தூளைக் குறைவாகவும், வடிகஞ்சியைத் தாராளமாகவும் எடுத்து, துணியில் வடிகட்டுக. வடிகட்டாவிட்டால் திப்பி சுருளுக்குள் சிக்கும். ஊறவைத்து அரைத்த வெந்தயமோ செம்பருத்தி இலையோ சேர்க்கலாம். பச்சைப்பயற்று மாவு எண்ணெயை மிகுதியாக உறிஞ்சும், வறண்ட முடிக்கு அதைத் தவிர்க்க. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்க, படும்போதுதான் சீயக்காயின் சினம் தெரியும். ஈரமாக இருக்கும்போதே விரல்களால் சிக்கெடுத்து, பழைய மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றுக. உலர்ந்த பின் சீப்பு வேண்டா. மயிர் கொத்தாக உதிர்ந்தாலோ தோலில் புண் கண்டாலோ சீயக்காயை நம்பியிராமல் தோல் மருத்துவரிடம் செல்க. நேரமில்லாத நாளில் ஓர் உறை ஷாம்பூவை நீரில் கரைத்துக் கழுவிக்கொள்வது குற்றமன்று. குற்றவுணர்வோடு தலை குளிக்க வேண்டியதில்லை.

அவளிடம் சீயக்காய் வாங்கச் சொல்லவில்லை. "உங்க ஆயாகிட்டத் துரிஞ்சி எந்த மரம்னு கேட்டு வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னோம். ஒரு மாதம் கழித்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். நிழலில் உலர்த்திய சிறுசிறு இலைகள். "ஆயா உங்களுக்குத்தாம்மா குடுத்துச்சு. உங்க தலையும் என் தலை மாதிரின்னு சொன்னேன்" என்றாள். அவள் முடி அன்றும் நேராகத்தான் நீவப்பட்டிருந்தது. ஆனால் வேரருகே, விரல்கட்டை அளவுக்கு, புதிதாக வளர்ந்த பகுதி சுருண்டிருந்தது.

சிறுபாணாற்றுப்படையை அடுத்த ஆண்டும் நடத்துவோம். மழைத்தாரைக்குப் பொருள் சொன்ன கையோடு, அறலுக்கும் பொருள் சொல்லிவிடுவதாக இருக்கிறோம். எவரும் எழுந்து கேட்கும்வரை காத்திராமல்.